இல்லாத ஆய்வாளருக்கு எச்-இன்டெக்ஸ் 94: ஐக் ஆன்ட்கேர் நிகழ்வு ஆய்வு

2010-ஆம் ஆண்டில் ஐக் ஆன்ட்கேர் என்ற கணினி அறிவியலாளரின் பெயர், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் தென்படத் தொடங்கியது. நூறை ஒட்டிய எண்ணிக்கையில் கட்டுரைகள். ஒருவருக்கு எத்தனை கட்டுரைகள், அவற்றை மற்றக் கட்டுரைகள் எத்தனை முறை சுட்டின (அதாவது மேற்கோள்கள்) என்பதை ஒரே எண்ணாகச் சொல்லும் எச்-இன்டெக்ஸ் 94. கூகுள் ஸ்காலர் தரவைக் கொண்டு ஆய்வாளர்களை வரிசைப்படுத்திக் காட்டிய ஸ்காலரோமீட்டர் என்ற கருவி, அவரை உலக அளவில் 21-ஆவது இடத்தில் வைத்தது. அதே பட்டியலில் 183 பெற்ற சிக்மண்ட் ஃபிராய்டு முதலிடத்தில் இருந்தார். ஐன்ஸ்டைனுக்கு 84; இடம் 36.

ஐக் ஆன்ட்கேர் என்று யாரும் இல்லை. பிரான்சின் கிரெனோபிள் நகரில், ஜோசஃப் ஃபூரியே பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் ஆசிரியராக இருந்த சிரில் லபே உருவாக்கிய பெயர் அது. எப்படி உருவாக்கினார் என்பதையும் அவரே எழுதி வெளியிட்டார்.

இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறவர்கள் அதிகம். ஆனால் ஆய்வாளர்களை மதிப்பிடும் வேலையில் இருக்கும் யாருக்கும் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்பது என் கருத்து. காரணம் எளிது. வழக்கமாக ஒருவரின் ஆய்வுப் பங்களிப்பு உண்மையில் எவ்வளவு என்பது நமக்குத் தெரியாது. அதனால்தான் அளவுகோல்களைத் தேடிப் போகிறோம். அளவுகோல் சரியா என்று சோதிக்க, விடை முன்கூட்டியே தெரிந்த ஓர் ஆள் வேண்டும். ஆன்ட்கேரின் அறிவியல் பங்களிப்பு பூஜ்யம். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. எந்த அளவுகோலையும் அவர்மேல் வைத்துப் பார்க்கலாம். பூஜ்யம் காட்டினால் அது ஒரு சோதனையைத் தாண்டிவிட்டது. 94 காட்டினால், அந்த அளவுகோல் என்னத்தை எண்ணுகிறது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

எப்படி நடந்தது

2005-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மூன்று மாணவர்கள் சைஜென் என்ற நிரலை எழுதினார்கள். கணினி அறிவியல் கட்டுரை போலத் தோற்றமளிக்கும் பிடிஎஃப் கோப்பை அது சில நொடிகளில் தயாரித்துவிடும். சுருக்கம், முன்னுரை, வரைபடங்கள், முடிவுரை, மேற்கோள் பட்டியல் எல்லாம் இருக்கும். வாக்கியங்கள் இலக்கணப் பிழை இல்லாமல் ஓடும். பொருள் மட்டும் இருக்காது. அப்படித் தயாரான ஒரு கட்டுரையை அதே ஆண்டில் ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது.

லபே இந்த நிரலை எடுத்து, ஆன்ட்கேர் பெயரில் ஏறக்குறைய நூறு கட்டுரைகளை உருவாக்கினார். ஒவ்வொரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலிலும் மற்ற கட்டுரைகள் அனைத்தையும் போட்டார். அப்புறம் அவற்றை இணையத்தில் வைத்தார். அவ்வளவுதான். எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை, எந்த மதிப்பாய்வாளரும் பார்க்கவில்லை.

கூகுள் ஸ்காலர் ஒரு பிடிஎஃப் கோப்பை எப்படிப் படிக்கிறது என்று தெரிந்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. முதல் பக்கத்தின் மேலே பெரிய எழுத்தில் இருப்பது தலைப்பு. அதற்குக் கீழே வருவது ஆசிரியர் பெயர். கடைசியில் மேற்கோள் பட்டியல் என்ற தலைப்பின் கீழ் இருக்கும் ஒவ்வொரு வரியும், வேறொரு ஆவணத்துக்குப் போகும் ஒரு மேற்கோள். பல்கலைக்கழகத் தளங்களில் ஆய்வாளர்கள் ஏற்றிவைக்கும் கட்டுரைகள் உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இப்படித் திறந்த வடிவில் அமைத்திருக்கிறார்கள். அதன் நன்மை பெரிது. ஆய்விதழ்ச் சந்தாவுக்குப் பணம் இல்லாதவர்கள் இதனால்தான் பல கட்டுரைகளைக் கண்டடைகிறார்கள். அந்தத் திறந்த கதவு வழியாகவே ஆன்ட்கேரும் உள்ளே போனார்.

இப்போது கணக்கு. எச்-இன்டெக்ஸை இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்தார். ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி மேலிருந்து கீழாக அடுக்க வேண்டும். ஒருவருக்கு ஆறு கட்டுரைகள், அவற்றுக்கு முறையே 50, 18, 7, 4, 4, 1 மேற்கோள்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்காவது கட்டுரைக்கு நான்கு மேற்கோள் இருக்கிறது. ஐந்தாவதற்கு ஐந்து இல்லை. ஆக, அவருடைய எச்-இன்டெக்ஸ் 4. முதல் கட்டுரைக்கு 50-க்குப் பதில் 5,000 வந்தாலும் அதே 4-தான். ஒரே ஒரு கட்டுரை அதிர்ஷ்டவசமாகப் பிரபலமானால் எண் ஏறிவிடக் கூடாது, தொடர்ந்து பலர் எடுத்தாளும் வேலையைச் செய்திருக்க வேண்டும் என்பது ஹிர்ஷின் எண்ணம். நியாயமான எண்ணம்தான்.

ஆனால் ஒரு வளையத்துக்குள் எல்லாக் கட்டுரைகளும் ஒன்றையொன்று சுட்டினால் என்ன ஆகும்? நூறு கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் மற்ற 99-லிருந்து ஒவ்வொரு மேற்கோள். எச்-இன்டெக்ஸ் 99. பொதுவாகச் சொன்னால், வளையத்தில் எத்தனை கோப்புகள் இருக்கின்றனவோ அதில் ஒன்று குறைவு. ஹிர்ஷ் தன் 2005 கட்டுரையில் வெளியிட்ட இயற்பியலாளர் பட்டியலில் எட்வர்ட் விட்டனுக்கு 110, ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 62. அந்த எண்கள் வேறொரு தரவுத்தளத்திலிருந்து வந்தவை, ஆகவே நேரடியாக ஒப்பிட முடியாது. இருந்தாலும் அளவு புரிவதற்குச் சொல்கிறேன்: ஹாக்கிங்கின் 62-ஐ எட்ட 63 கோப்புகள் போதும். ஒற்றைக் கட்டுரையின் புகழுக்கு அசையாமல் இருக்கவே வடிவமைத்த எண், எல்லாவற்றையும் சமமாகத் தூக்கிவிட்டால் எதிர்ப்பே இல்லாமல் ஏறுகிறது.

வெளியீடுகள்

ஆன்ட்கேரின் வெளியீட்டுப் பதிவைத் திறந்தவுடன் கண்ணில் படுவது, எந்தக் கட்டுரையும் எந்த இதழிலும் வரவில்லை என்பது. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளங்களில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அவை தேர்ந்தெடுத்த இதழ்கள், மாநாட்டுத் தொகுப்புகள் ஆகியவற்றிலிருந்து மட்டும் எடுக்கின்றன. ஒரே ஆளுக்கு ஒரு தளத்தில் நூறு, இன்னொன்றில் பூஜ்யம் என்றால் அங்கே நின்று பார்க்க வேண்டும்.

நின்று பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், தீர்ப்பு எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. வரலாறு, இலக்கியம், சட்டம் போன்ற துறைகளில் புத்தகங்களே முக்கியம். ஆங்கிலம் அல்லாத மொழிகளில் எழுதுகிறவர்களை அந்த இரண்டு தளங்களும் சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை. நேர்மையான ஒரு மொழியியலாளரின் பதிவும் இரண்டு தளங்களில் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடலாம். அந்த வித்தியாசத்தை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு, கட்டுரைகள் எங்கே வந்தன, யார் மதிப்பாய்வு செய்தார்கள், எந்தெந்த ஆண்டுகளில் வந்தன என்று பார்க்க வேண்டும். ஆன்ட்கேரிடம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை. மொழியியலாளரிடம் இருக்கும்.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இருவரின் கட்டுரைகளும் ஒரே பக்கத்தில் சேர்ந்துவிடும். திருமணத்துக்குப் பின் பெயர் மாறினால் ஒருவரே இரண்டு பேராகப் பிரிந்துவிடுவார். இதற்காக 2012-இல் வந்த ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் நிறையவே உதவுகிறது. ஆனால் அது யார் யார் என்பதைத்தான் சொல்லும். வேலை எப்படி என்பதைச் சொல்லாது.

கூட்டுழைப்பு

எச்-இன்டெக்ஸில் ஒரு பழைய குறை உண்டு. இரண்டு பேர் எழுதிய கட்டுரையும் இருநூறு பேர் எழுதிய கட்டுரையும் அதில் சமம். 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து வெளியான கூட்டுக் கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கங்கள் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே போய்விட்டன. அந்த ஒரு கட்டுரையின் மேற்கோள்கள் ஐயாயிரம் பேரின் கணக்கிலும் முழுசாக ஏறும்.

இதைச் சரிசெய்ய, இணையாசிரியர் எண்ணிக்கையால் வகுத்துக் கணக்கிடும் எச்எம்-இன்டெக்ஸ் என்ற திருத்தம் வந்தது. நல்ல நோக்கம். அதை ஆன்ட்கேர்மேல் வைத்துப் பார்த்தார் லபே. முன்பு 21-ஆவது இடத்தில் இருந்தவர் ஆறாவது இடத்துக்கு ஏறினார்; தன் துறையான கணினி அறிவியலில் இருந்த அத்தனை பேரையும் முந்திவிட்டார். அவருக்கு இணையாசிரியர்களே இல்லை என்பதால் வகுப்பதற்கு ஒன்றும் இல்லை. மற்ற எல்லோருடைய எண்ணும் இறங்க, அவருடையது அப்படியே நின்றது.

இந்த நிகழ்வில் நான் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது இந்த இடத்தைத்தான். ஒரு சூத்திரத்தின் குறையை இன்னொரு சூத்திரத்தால் அடைக்கலாம் என்ற நம்பிக்கை நம் துறையில் ஆழமாக இருக்கிறது. எச் போதவில்லை என்றால் ஜி-இன்டெக்ஸ் என்ற இன்னோர் எண், அதுவும் போதவில்லை என்றால் எச்எம். ஒவ்வொன்றும் ஓர் உண்மையான குறையைத்தான் தீர்க்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அதே மேற்கோள் வரிகள். அந்த வரிகளே பொய் என்றால், மேலே எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் பொய்க்குப் புதிய எண் கிடைக்கும், அவ்வளவே.

கூட்டுழைப்பை எண்ணாமல் அதன் வடிவத்தைப் பார்த்தால் விஷயம் வேறு. ஒருவர் யாருடன் எழுதினார், அந்த உறவு எத்தனை ஆண்டு நீடித்தது, மாணவர்கள் பின்னாளில் தனியாக எழுதினார்களா, ஆய்வகத்துக்கு வெளியே யாராவது அவருடன் சேர்ந்தார்களா என்று ஒரு வலைப்படம் வரைந்தால் ஒரு வாழ்க்கை தெரியும். பால் ஏர்டிஷ் என்ற கணிதவியலாளருக்கு 500-க்கும் மேற்பட்ட இணையாசிரியர்கள். தனியாகவே வேலை செய்யும் கணிதவியலாளர்களும் இருக்கிறார்கள். இரண்டும் இயல்புதான். தனியாக எழுதுகிறவருக்குக்கூட நன்றியுரையில் நாலு பெயர் இருக்கும், ஒரு கருத்தரங்கப் பேச்சு இருக்கும், அவருடைய முடிவோடு மோதிய ஒருவர் இருப்பார். ஆன்ட்கேரைச் சுற்றி ஒரு மனிதர்கூட இல்லை.

பெரிய குழுக்களில் யார் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள இப்போது பல இதழ்கள் கிரெடிட் என்ற வகைப்பாட்டைக் கேட்கின்றன. கருத்துருவாக்கம், மென்பொருள், தரவுப் பராமரிப்பு, நிதி திரட்டல் என 14 வகைப் பங்குகள் அதில் உண்டு. ஒருவரின் பத்துக் கட்டுரைகளில் இந்தப் பங்குகளைச் சொல்லும் வரியை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். எந்த எண்ணும் சொல்லாததை அது சொல்லும்.

மேற்கோள்கள்

ஆன்ட்கேரைப் பிடிக்க ஒரே ஒரு சல்லடை போதும். தன் கட்டுரையைத் தானே சுட்டிய மேற்கோள்களைக் கழித்துவிட்டால் அவருடைய எச்-இன்டெக்ஸ் நேராகப் பூஜ்யத்துக்கு இறங்குகிறது. சரியான விடை.

ஆக, தன்மேற்கோளைக் கழித்தால் பிரச்சினை தீர்ந்ததா? முதலில், தன்மேற்கோள் தவறே இல்லை. ஒரே கேள்வியைப் பல ஆண்டுகள் துரத்துகிறவர் தன் முந்தைய கட்டுரையைச் சுட்டாமல் எழுத முடியாது. 2019-இல் ஏறத்தாழ ஒரு லட்சம் ஆய்வாளர்களின் தரவு வெளியானபோது, தானும் தன் இணையாசிரியர்களும் தந்த மேற்கோள்களின் இடைநிலை விகிதம் 12.7 சதவீதமாக இருந்தது. அதே தரவில் குறைந்தது 250 பேருக்குப் பாதிக்கும் மேல் அப்படி வந்திருந்தது. அந்த 250 பேரையும் குற்றவாளிகள் என்று சொல்ல முடியாது. ஆனால் பட்டியலைத் திறந்து பார்க்காமல் விடவும் முடியாது.

இரண்டாவது, வளையத்தை வெளியே இருந்தும் கட்டலாம். 2012-இல் ஸ்பெயினின் எமிலியோ டெல்காடோ லோபஸ்-கோசாரும் இரண்டு சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். மார்கோ ஆல்பெர்டோ பன்டானி-கொன்டடோர் என்ற கற்பனை ஆசிரியரின் பெயரில் ஆறு ஆவணங்கள். ஒவ்வொன்றிலும் தங்கள் ஆய்வுக்குழு எழுதிய 129 உண்மையான கட்டுரைகளைச் சுட்டி, பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றினார்கள். கூகுள் ஸ்காலர் அதைப் படித்ததும் ஒரே வீச்சில் 774 மேற்கோள்கள் பல பேரின் கணக்கில் ஏறின. இங்கே தன்மேற்கோளைக் கழித்துப் பயனில்லை. சுட்டியவர் வேறு ஆள், சுட்டப்பட்டவர்கள் உண்மையான ஆய்வாளர்கள், அவர்களின் கட்டுரைகளும் உண்மையானவை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? எத்தனை மேற்கோள் என்று கேட்காமல், எத்தனை ஆவணங்களிலிருந்து, எத்தனை வெவ்வேறு ஆட்களிடமிருந்து என்று கேட்க வேண்டும். 774 மேற்கோள், ஆறு ஆவணம், ஒரே ஆசிரியர். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே போதும்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாகத்தில் ஒரு குழு 2024-இல் இதையே ஒரு குறியீடாக வடித்தது. இல்லாத ஓர் ஆய்வாளரின் பெயரில் 300 டாலர் கொடுத்து 50 மேற்கோள்களை விலைக்கு வாங்கிக் காட்டியவர்கள் அவர்கள். அவர்கள் சொன்ன மேற்கோள் குவிவுக் குறியீடு எச்-இன்டெக்ஸைத் தலைகீழாகத் திருப்புகிறது: ஒருவரை ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை சுட்டும் பத்து ஆவணங்கள் இருந்தால் குறியீடு 10. வழக்கமான ஒரு கட்டுரை இன்னொருவரின் வேலைகளில் ஒன்றையோ இரண்டையோ மூன்றையோதான் சுட்டும். ஆகவே நேர்மையான பதிவில் இந்த எண் சிறியதாகவே இருக்கும், எச்-இன்டெக்ஸ் எவ்வளவு உயர்ந்தாலும். ஆன்ட்கேருக்கு இதை நானே போட்டுப் பார்த்தேன். நூறு ஆவணங்கள், ஒவ்வொன்றும் அவரை 99 முறை சுட்டுகிறது என்று கொண்டால் குறியீடு 99. கூகுள் ஸ்காலர் காட்டியது 94 என்றாலும், இந்தக் கணக்குப்படி எச்-இன்டெக்ஸும் 99. இவ்வளவு உயரத்தில் இரண்டும் ஒன்றாக நிற்கும் ஓர் ஆய்வாளரைப் பார்த்தால் மேற்கொண்டு வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை.

மேற்கோள் எதற்காக வந்தது என்ற கேள்வியும் மிச்சம் இருக்கிறது. உலகில் மிக அதிகமாகச் சுட்டப்பட்ட கட்டுரை, ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைப் பற்றி லௌரி குழுவினர் 1951-இல் எழுதியது. 2014-இல் அதன் மேற்கோள்கள் 3,05,000-ஐத் தாண்டியிருந்தன. அந்த முறையைப் பயன்படுத்திய ஒவ்வொருவரும் அதைக் குறிப்பிட வேண்டியிருந்தது. அதனால் வந்த எண் அது. மிகப் பயனுள்ள வேலை. ஆனால் அறிவியலில் அதுவே மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்று அந்த எண்ணைப் படிக்க முடியாது. தவறு என்று காட்டுவதற்காகச் சுட்டுகிற மேற்கோளும் அதே கணக்கில்தான் சேர்கிறது.

எதிர்ப்பக்கம்

ஆன்ட்கேரை உயர்த்திய அதே அளவுகோலை, ஹிக்ஸ் துகள் இருக்க வேண்டும் என்று முன்னரே சொன்ன இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். 1964-இல் அவர் எழுதிய இரண்டாவது கட்டுரையை ஓர் இதழ் திருப்பி அனுப்பியது. அது வேறொன்றில் வெளியானது. அதன் பிறகு அவர் வாழ்நாளில் எழுதியவை பத்துக்கும் குறைவு. எச்-இன்டெக்ஸ் கட்டுரைகளின் எண்ணிக்கையைத் தாண்டவே முடியாது என்பதால், அவருடைய எண் எப்படியும் சிறியதுதான். 2013-இல் நோபல் பரிசு வாங்கிய சமயத்தில், இன்றைய நிலையில் தனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் வேலை கொடுக்காது என்று அவரே சொன்னார். எனக்கு இதுதான் ஆன்ட்கேரைவிடப் பெரிய கவலை. போலியை என்றாவது யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். எண் குறைவு என்று முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிட்ட ஆளைப் பிறகு யாரும் தேடிப் போவதில்லை.

பிறகு நடந்தவை

லபே இத்தோடு நிற்கவில்லை. சைஜென் எழுதும் உரையில் சொற்கள் வரும் விகிதம் மனிதர் எழுதுவதிலிருந்து வேறுபடும். இரண்டு உரைகளின் சொல் விகிதங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணக்கிட்டு, அந்த நிரல் எழுதியதைத் தனியே பிரிக்கும் வழியை அவர் அமைத்தார். அதைக் கொண்டு தேடியபோது, உண்மையான மாநாடுகளின் தொகுப்புகளில், பணம் கட்டிப் படிக்கும் தளங்களில், இந்த நிரலின் கட்டுரைகள் கிடைத்தன. 2014-இல் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடும் ஸ்பிரிங்கர், ஐஇஇஇ நிறுவனங்கள் இரண்டுமாக 120-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை நீக்கின. அடுத்த ஆண்டு ஸ்பிரிங்கர் லபேயின் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சைடிடெக்ட் என்ற கண்டறியும் மென்பொருளை வெளியிட்டது.

ஸ்கோபஸ் போன்ற தளங்கள் தேர்ந்தெடுத்த இதழ்கள், தொகுப்புகளிலிருந்து மட்டும் எடுக்கின்றன என்று மேலே எழுதியதற்கு இது ஒரு வரம்பு போடுகிறது. மதிப்பாய்வு நடந்தது என்று அட்டையில் எழுதியிருந்தது, நடக்கவில்லை.

விண்ணப்பக் கோப்பை எப்படிப் படிப்பது

ஆன்ட்கேர் பிறந்த அதே 2010-இல் ஜெர்மனியின் ஆய்வு நிதி அமைப்பான டிஎஃப்ஜி ஒரு விதியைக் கொண்டுவந்தது. அன்றைய அந்த விதிப்படி விண்ணப்பதாரர் தன் தற்குறிப்பில் அதிகபட்சம் ஐந்து வெளியீடுகளைத்தான் காட்ட முடிந்தது. எந்த ஐந்து என்று அவரே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இந்த விதியில் எனக்குப் பிடித்தது, தேர்வுக் குழுவில் இருப்பவர் அந்த ஐந்தையும் படித்துவிட முடியும் என்பது. நூறைக் கொடுத்தால் எண்ணத்தான் தோன்றும். ஹிக்ஸ் இந்த விதியின் கீழ் எதையும் இழக்கமாட்டார். ஆன்ட்கேரின் முதல் கட்டுரையில் இரண்டாவது பத்தியைத் தாண்டும்போதே துறை தெரிந்தவர் நிறுத்திவிடுவார்.

இருநூறு விண்ணப்பங்கள் வந்தால் ஆயிரம் கட்டுரைகள் ஆகுமே என்ற கேள்வி நியாயமானது. எண்களை முதல் சுற்றுக்குப் பயன்படுத்துவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அறிக்கையில் எச்-இன்டெக்ஸ் 23 என்று மட்டும் எழுதி விடக் கூடாது. எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதியில் எடுத்தது, தன்மேற்கோளைக் கழித்த பிறகு எவ்வளவு, எத்தனை வெவ்வேறு ஆசிரியர்கள் சுட்டினார்கள், ஆய்வில் எத்தனை ஆண்டுகள், அதே துறையில் அதே வயதினருக்கு வழக்கமாக எவ்வளவு என்பவை அந்த எண்ணின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிள்ளை வளர்ப்புக்கோ நோய்க்கோ இடைவெளி எடுத்தவரின் ஆண்டுகளைக் கழித்துத்தான் கணக்கிட வேண்டும். இவற்றை நிரப்ப ஒரு கோப்புக்கு அரை மணி நேரம் ஆகலாம். அதற்கு நேரமில்லை என்றால் அந்த எண்ணைப் போடாமலே விண்ணப்பத்தை அடுத்த சுற்றுக்கு அனுப்புவது மேல்.